புலால் மறுத்தலும் புலையரை மறுத்தலும்

1

போன மாதம் ஓர் ஊரில் மாணவர்கள் கூட்டியிருந்த வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். தலித் தன்வரலாறுகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். பேசி முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள் ஓர் இளைஞர் எழுந்தார். "நான் வீகன். மூணு வருஷமா பால்கூடத் தொடுறதில்ல. நீங்க ஒடுக்குமுறையப் பத்திப் பேசுறீங்க. ஆடும் மாடும் ஒடுக்கப்பட்டதுதானே? வாயில்லாத சீவனுக்குப் பேசாத விடுதலை என்ன விடுதலை? வள்ளுவரே புலால் மறுத்தல் எழுதியிருக்காரே" என்றார்.

"மொதல்ல மனுசன விடச் சொல்லுங்கப்பா, அப்புறம் மாட்டுக்கு வரலாம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு, கைதட்டல். நானும் தட்டினேன். அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் எழுந்தாள். இரண்டாமாண்டு படிக்கிறவள். என்னைப் போலவே காலனியிலிருந்து வந்தவள். "அக்கா, நானும் கறி சாப்புடுறதில்ல. எங்க தாத்தா கறி போடுறவரு. சின்ன வயசுல என்னைக் கயிறு புடிச்சிக்கச் சொல்லுவாரு. அந்த மாட்டோட கண்ண என்னால மறக்க முடியல. அதுக்காக நான் அவங்க ஆளா ஆயிடுவேனா?" என்று கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது பஸ் ஏறும்போதே மறந்துபோயிற்று. அது பதில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கேட்ட கேள்வி ஒன்றுபோல இருந்தாலும் கேட்ட வாய்கள் இரண்டு. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையை முதலில் அந்தப் பெண்ணுக்காகத்தான் எழுதுகிறேன். இளைஞருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நான் யாரென்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர்ப் பக்கம். அப்பா டேனரியில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறி. மிஞ்சியதை அம்மா உப்பும் மஞ்சளும் போட்டுக் கயிற்றில் கோத்துக் காயவிடும். எம்.ஏ. தமிழ் படிக்கப் பட்டணம் வந்தபோது அந்த உப்புக்கண்டத்தை ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்தனுப்பியது. விடுதி அறையில் டப்பாவைத் திறந்ததும் கூட இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு "என்னடி இது?" என்றாள். "கருவாடு" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கருவாட்டுக்கும் கறிக்கும் நடுவிலே ஒரு படி இருக்கிறது, அந்தப் படியில் நான் ஏறி நின்றுகொண்டேன் என்பது அன்றைக்குப் புரிந்தது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே டப்பாவில் பார்த்தாகிவிட்டது. நெய்ச்சோறு, பருப்பு, முட்டை, மீன், கோழி, ஆடு, பன்றி, மாடு, கடைசியில் செத்த மாடு. சாதிக்கு ஒரு படி போல கறிக்கும் ஒரு படி.

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் உண்டாக்கப்பட்டது. டொனால்ட் வாட்சனும் அவரோடு சேர்ந்தவர்களும், பாலும் முட்டையும் உண்ணும் வெஜிடேரியன்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட, அந்தச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டிச் செய்த பெயர் அது. அதில் மதம் இல்லை, சாதி இல்லை. அதை இப்போது தமிழில் 'நனிசைவம்' என்கிறார்கள். அதாவது சைவத்திலும் மேலான சைவம். கடல் தாண்டி வரும்வரை சாதியில்லாமல் இருந்த சொல், கரையில் கால் வைத்ததும் பூணூல் போட்டுக்கொண்டது.

ஒரு மதத்தின் பெயரைச் சாப்பாட்டுக்கு வைத்துவிட்டு, மற்றச் சாப்பாட்டையெல்லாம் அதன் எதிர்மறையாக 'அசைவம்' என்று அழைக்கிற மொழி நம்முடையது. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கறியோ மீனோ உண்கிறவர்கள். பத்தில் ஒன்பது பேரின் சோற்றுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவரின் சோற்றுக்கு 'இல்லாதது' என்றுதான் பெயர். எங்கள் ஊரில் யாரும் அசைவம் என்று சொல்லிக் கேட்டதில்லை. கறி சோறு என்பார்கள், கவிச்சி என்பார்கள். ஈழத்தமிழர் காய்கறியை மரக்கறி என்கிறார்கள். அந்தச் சொல்லில் காயும் கறிதான், ஆடும் கறிதான். மேல் கீழ் இல்லை. வீகன் தோழர்கள் மரக்கறியை எடுத்துக்கொள்ளாமல் சைவத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அப்படித் தற்செயலாக உட்கார ஓர் இருக்கை காலியாக வைக்கப்பட்டிருக்கிறதே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அகராதியைத் திறந்தால் புலவு, புலால், புலை, புலையன் எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கின்றன. புலை என்றால் ஊன், புலை என்றால் தீட்டு, புலை என்றால் கீழ்மை. ஊன் தின்றதால் புலையன் ஆனான் என்பது பொதுப்புத்தி. உணவு இழிவானது, அதை உண்டவன் இழிந்தான், அதை விட்டால் உயர்வான் என்று ஒரு ஏணி போட்டுக் காட்டுகிறார்கள். இந்தப் பொதுப்புத்தி பொய் என்று பழைய பிரதிகளே சொல்கின்றன. வாசிக்கிறபடி வாசித்தால் போதும்.

3

சங்கப் பாட்டில் கறி இருக்கிறது என்று நிரூபிக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட கபிலர், ஊன் சோறு தின்பதைத் தவிர வேறு உழைப்பு அறியாததால்தான் தன் கை மெல்லியதாக இருக்கிறது என்று சேரனிடம் சொல்கிறார் (புறநானூறு 14). வேம்பின் அடியில் கொழுத்த பசுவைக் கொன்று அவித்துத் தின்ற மறவர்கள் அகநானூற்றில் வருகிறார்கள் (309). இதையே திரும்பத் திரும்ப மேடையில் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. 'பழங்காலத்தில் எல்லாரும் தின்றார்கள்' என்பது தகவல். அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

வள்ளுவருக்கு வருவோம். புலால் மறுத்தல் இருபத்தாறாம் அதிகாரம். துறவறவியலில் இருக்கிறது, இல்லறவியலில் இல்லை. விருந்தோம்பல் சொன்ன இடத்தில் வள்ளுவர் வீட்டுக்காரனின் சட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. இது எல்லாரும் சொல்வதுதான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு 'அது சாமியாருக்குச் சொன்னது, நமக்கில்லை' என்று தப்பித்துப் போவது நேர்மையான வாசிப்பு ஆகாது. அந்த அதிகாரத்தில் வள்ளுவர் கடுமையாகத்தான் பேசுகிறார். ஊன் என்பது இன்னோர் உடம்பின் புண் என்கிறார். தின்பதற்காக வாங்குகிறவன் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்கிறவனும் இருக்கமாட்டான் என்கிறார். அந்தப் பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்த கண்ணைத்தான் வள்ளுவரும் பார்த்திருக்கிறார். அதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அவர் யாரோடு சண்டை பிடிக்கிறார்? ஆயிரம் வேள்வியில் நெய்யூற்றுவதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமல் இருப்பது மேல் என்று அதே அதிகாரத்தில் சொல்கிறார். வேள்வி செய்கிறவனைப் பார்த்துச் சொன்னது அது. வாங்குகிறவன், விற்கிறவன் என்ற வாதமோ வேறொரு பக்கம் பார்த்துப் பேசுகிறது. 'நாங்கள் கொல்வதில்லை, கிடைத்ததை உண்கிறோம்' என்ற பௌத்தர்களைச் சமணக் காப்பியமான நீலகேசி இடித்துரைப்பது இதே வாதத்தை வைத்துத்தான். ஆக, தமிழில் கொல்லாமை பற்றிய பழைய விவாதம் வேள்விக்கு வெளியே நின்ற சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் நடுவில் நடந்தது. யாகத்தில் மாட்டைப் போட்டவர்கள் அந்த மேடையிலேயே இல்லை. அவர்கள்தான் பிற்பாடு அந்த மேடையைக் கைப்பற்றி, 'இது எங்கள் ஆசாரம்' என்று பலகை மாட்டியவர்கள்.

வள்ளுவரைப் புலைச்சி வயிற்றுப் பிள்ளை என்று கதை கட்டிய ஊர் இது. தன் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த சுவடிகள்தான் எல்லிஸ் துரையின் கைக்குப் போயின என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். குறள் எங்கள் வீட்டுச் சொத்து என்று பண்டிதர் உரிமை கொண்டாடினார். புலால் மறுத்தலை வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் நடத்த வருகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. எங்கள் வீட்டுக்குள் நடக்கிற வாக்குவாதத்தை எங்களுக்கே தெருவிலிருந்து கத்திச் சொல்ல வேண்டாம்.

4

இப்போது மணிமேகலை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் ஆபுத்திரன் கதையை அமுதசுரபிக்கு முன்கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதை நிறுத்தி வாசிக்க வேண்டும்.

வேள்விக்காகக் கட்டப்பட்டிருக்கிறது ஒரு பசு. கொம்பில் மாலை. வேடனின் வலையில் விழுந்த மான்போல நடுங்குகிறது. அதைப் பார்த்த சிறுவன் ஆபுத்திரன், இரவில் அதை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறான். பார்ப்பனர்கள் துரத்திப் பிடித்து அடிக்கிறார்கள். அடிக்கும்போது அவனை என்ன சொல்லித் திட்டுகிறார்கள்? புலைச் சிறுமகனே என்கிறார்கள். அதுவரை அவனும் பார்ப்பன வீட்டில் வளர்ந்து வேதம் படித்த பிள்ளைதான். அவன் பிறப்புக் கதை அந்த நேரம் வரை வெளியே வரவில்லை. பசு உவாத்தியை முட்டிச் சாய்த்துவிட்டுக் காட்டுக்குள் ஓடிப் போகிறது. அவன் வாதாடுகிறான். அதற்குப் பிறகுதான் ஒருவன் எழுந்து 'இவன் தாய் யார் தெரியுமா' என்று ஆரம்பிக்கிறான்.

வரிசையைக் கவனியுங்கள். பசுவைக் கொல்ல நின்றவர்கள் வேதியர். பசுவைக் காப்பாற்றியவன் புலையன். மாமிசம் அவன் வாயில் படவில்லை. படையலுக்கு இருந்ததை அவன் தடுத்தான், அவ்வளவுதான். முதலில் வந்து விழுந்தது புலை என்ற வசவு. அதற்கான பிறப்புச் சான்றிதழ் அப்புறம்தான் தேடி எடுக்கப்படுகிறது. புலை என்பது தட்டில் இருப்பதன் பெயர் அல்ல. வேள்வி ஒழுங்கை மறிக்கிறவன் நெற்றியில் ஒட்டப்படும் பெயர் என்பதைச் சாத்தனார் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மாட்டைக் காப்பாற்றியவன் புலையன், இன்றைக்கு மாட்டைத் தின்கிறவன் புலையன். மாடு இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் பெயர் மட்டும் நம் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது.

அதே காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் கதை வருகிறது. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். நாகர் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான், அறம் சொல்கிறான். தலைவன், இவை இல்லாமல் எங்களுக்கு என்ன வாழ்க்கை, எங்களால் ஆகக்கூடிய அறம் எதுவோ அதைச் சொல் என்று கேட்கிறான். சாதுவன் சொல்வது இதுதான்: கப்பல் உடைந்து வருகிற மனிதர்களைக் கொல்லாதே, மூப்பு வந்து தானாகச் செத்த விலங்கைத் தவிர வேறு எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே.

முதன்முதலில் இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். செத்த மாட்டைத் தின்கிறவர்கள் என்றுதானே எங்களை ஊர் முழுக்க ஏசினார்கள்? அந்தச் செத்த மாடுதான் இங்கே கொல்லாமை அறத்தின் முதல் படியாக இருக்கிறது. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில், சிதறுண்ட மக்கள் பௌத்தர்களாக இருந்தார்கள், செத்த மாட்டின் இறைச்சியை உண்டார்கள், அதில் கொலை இல்லாததால் பசுக்கொலைத் தடை அவர்களைத் தொடவில்லை என்று வாதிட்டார். வேள்வியில் மாட்டைக் கொன்றவர்கள் பௌத்தத்தை வெல்ல மாமிசத்தையே விட்டார்கள், விட்ட கையோடு தின்கிறவர்களைத் தீட்டாக்கினார்கள் என்றார். அவர் வடக்கிலிருந்து எடுத்த நூலும் சாத்தனார் தெற்கில் விட்டுப்போன நூலும் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. இது என் வாசிப்பு. மறுப்பவர்கள் மறுத்து எழுதட்டும்.

5

பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் பெரியபுராணத்தில் இரண்டு பேர். ஒருவர் கண்ணப்பர். பன்றிக்கறியைச் சுட்டு, வாயில் போட்டுப் பதம் பார்த்து, அந்த எச்சிலைச் சிவனுக்குப் படைக்கிறார். பூசை செய்கிற சிவகோசரியார் பதறுகிறார். சிவன் ஏற்றுக்கொள்கிறார். இன்னொருவர் ஆதனூர் நந்தன். அவர் கறி எதையும் கொண்டுபோய் வைக்கவில்லை. கோயில் முரசுக்குப் போர்வைத் தோல், கட்ட விசிவார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை, இவ்வளவும் அவர் கொடுக்கிறார். வெளியே நின்று கொடுக்கிறார்.

கோரோசனை எங்கிருந்து வருகிறது? மாட்டின் பித்தப்பையிலிருந்து. அதை அறுத்து எடுத்த கை எது? மாட்டின் தோல் உள்ளே போகலாம், மாட்டின் நரம்பு உள்ளே போய்ப் பண் இசைக்கலாம், மாட்டின் பித்தம் சாமியின் மேலேயே ஏறலாம். எடுத்துக் கொடுத்தவன் மட்டும் நெருப்பில் இறங்கி, உடம்பை எரித்து, பூணூலோடு எழுந்து வந்தால்தான் போகலாம். பன்றிக்கறி கொண்டுவந்த வேடன் கறியோடு உள்ளே ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்றால், சிவனுக்குக் கறியில் ஒன்றும் பிரச்சினை இல்லை என்றுதானே அர்த்தம்? வேடன் காட்டுக்காரன். அவன் உள்ளே வந்தால் நிலத்துக்காரனுக்கு நட்டமில்லை. நந்தன் வயலுக்குள் இருக்கிற உழைப்பாளி. அவன் உள்ளே வந்தால் நாளைக்கு யார் சேற்றில் இறங்குவது? தீட்டு கறியில் இல்லை, கூலியில் இருக்கிறது.

இதற்கு நம் காலத்துச் சாட்சிகளும் உண்டு. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள் என்றுதான் 1924-25இல் தமிழகமே கொதித்தது. அங்கே யாரும் கறி தின்னவில்லை. எல்லாருக்கும் காய்கறிச் சாப்பாடுதான். ஆனாலும் தனி. பாமாவின் 'கருக்கு' (1992) நூலில் தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சின்னப் பெண் சிரிக்கிறாள். அண்ணன் சொன்ன பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது. அந்தப் பொட்டலத்தில் மாட்டுக்கறியா இருந்தது? எண்ணெயில் போட்ட பலகாரம். இரட்டைக் குவளையில் ஊற்றியது டீ. அதில் எந்தப் புலாலும் இல்லை. ஆகவே 'கறியை விட்டால் மதிப்பார்கள்' என்று சொல்கிறவர்களைப் பார்த்து ஒன்று கேட்கலாம். எந்த ஊரில், எந்த வருஷம் மதித்தார்கள்?

6

இனி வீகன் இளைஞருக்கு.

தோழர், உங்கள் தத்துவத்தில் ஒரு கூர்மை இருக்கிறது. அதை நீங்களே சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை. பாலையும் நெய்யையும் தயிரையும் தொடமாட்டேன் என்கிறீர்கள். பால் கறக்கிற மாட்டுக்கு வருஷா வருஷம் கன்று பிறந்தாக வேண்டும். காளைக்கன்று பால் கொடுக்காது. ஏருக்கு டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலையும் இல்லை. அது எங்கே போகும்? மடி வற்றிய மாடு எங்கே போகும்? பால் உற்பத்தியில் உலகத்திலேயே முதல் நாடு இது. எருமைக்கறி ஏற்றுமதியிலும் முன்வரிசை நாடு இது. இரண்டும் ஒரே கொட்டகையின் முன்வாசலும் பின்வாசலும். முன்வாசலில் நெய் வாங்கிக்கொண்டு போகிறவர் தன்னைச் சைவம் என்கிறார். பின்வாசலில் தோலும் குடலும் வாங்குகிறவர் கொலைகாரர் ஆகிறார். நெய்யில் தோய்ந்த சைவத்தின் பொய்யை உடைக்கிற ஆயுதம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நீங்கள் குடம் குடமாகப் பாலாபிஷேகம் நடக்கிற கோயில் வாசலுக்கல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? எங்கள் காலனி முனையில் இருக்கும் தகரக் கடைக்கு ஏன் முதலில் வருகிறீர்கள்?

இன்னொன்று. மேற்கே ஒருவர் கறியை விடுகிறேன் என்றால் அது அவர் சொந்த முடிவு. இங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் போலீசும் கும்பலும் வந்து நிற்கின்றன. 2002இல் அரியானாவின் ஜஜ்ஜரில், போலீஸ் சாவடிப் பக்கத்தில், மாட்டுத்தோல் கொண்டுபோன ஐந்து தலித்துகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2015இல் தாத்ரியில், வீட்டில் மாட்டுக்கறி வைத்திருந்ததாகச் சொல்லி முகமது அக்லாக் கொல்லப்பட்டார். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். 2017 மே மாதம் மத்திய அரசு, வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்தான், சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக் கூடாது என்று விதி போட்டது. மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. விதியை எதிர்த்து மாட்டுக்கறி உண்ட சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களில் ஒருவர் கண்ணில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். அடுத்த வருஷமே அதே வளாகத்தின் உணவகம் ஒன்றில் சைவருக்குத் தனிவழி, தனிக் கைகழுவுமிடம் என்று தாள் ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு எடுத்தார்கள். 2022இல் எங்கள் ஆம்பூரிலேயே பிரியாணித் திருவிழா என்றார்கள். ஆட்டுக்கு இடமுண்டு, கோழிக்கு இடமுண்டு, மாட்டுக்கு இல்லை என்றார்கள். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனது. ஆட்டுக்கறி போட்டால் கலாச்சாரம், மாட்டுக்கறி போட்டால் பிரச்சினை. இதில் உயிரிரக்கம் எங்கே இருக்கிறது?

கர்நாடகத்தில் 2021இல் வட மாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டில் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை. என் அக்கா மகன் அந்த முட்டைக்காகவே பள்ளிக்கூடம் போனவன். வீகன் உணவிலும் சத்து உண்டு, பயறு உண்டு, கடலை உண்டு என்பீர்கள். உண்மைதான். ஆனால் மளிகைக் கடைக்காரன் கணக்கையும் பாருங்கள். எங்கள் தெருவில் கையில் இருக்கிற காசுக்கு வயிறு நிறையக் கிடைத்த சத்து மாட்டுக்கறிதான். ஆட்டுக்கறியின் விலையில் அதில் பாதிகூட இல்லாத நாட்களில் அதுதான் எங்கள் எலும்பை வளர்த்தது.

7

அந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன்.

தங்கச்சி, 1927இல் மகாடில் அம்பேத்கர் நம் மக்களைப் பார்த்துச் செத்த மாட்டைத் தின்னாதீர்கள் என்றார். இருபத்தோரு வருஷம் கழித்து அதே மனிதர், அதைத் தின்றதில் இழிவில்லை, இழிவாக்கியவனிடம்தான் இழிவு இருக்கிறது என்று நூல் எழுதினார். இரண்டும் முரண் இல்லை. விடுவதும் நம் முடிவு, அதற்கு விளக்கம் சொல்வதும் நம் வேலை. ஊனாவுக்குப் பிறகு குஜராத்தில் செத்த மாடுகளை எடுக்கமாட்டோம் என்று மறுத்து, சுரேந்திரநகரில் அரசு அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்களே, அதுவும் ஒரு மறுப்புதான். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' (1997) நூலில் படிக்கிற பையனைத் தோலுரிக்கச் சித்தப்பாவோடு அனுப்புகிறார்கள். தோல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து ஆட்கள் கண்ணில் படாமல் போக வேண்டுமே என்று தவிக்கிறான். வீட்டில் அண்ணி, இவனை இந்த வேலைக்கு விடாதீர்கள் என்று அழுகிறாள். அந்த அழுகைக்குக் காரணம் கட்டாயம். கறி மேல் வந்த அருவருப்பில் அவள் அழவில்லை. நீ பிடித்த கயிற்றிலும் அந்தக் கட்டாயம் இருந்தது. ஆகவே உன் மறுப்பு ஆபுத்திரன் வரிசையில் வருகிறது. அவங்க ஆளாக நீ ஆகவில்லை.

ஆனால் ஒன்றை நீ யோசிக்க வேண்டும். உன் தாத்தா கையில் கத்தியைக் கொடுத்தது எது? மாட்டின் கண் உன்னைத் தூங்கவிடவில்லை, சரி. அந்த வேலையை முடித்துவிட்டு வந்து கை கழுவிய தாத்தாவின் கண்ணைப் பார்த்திருக்கிறாயா? வெட்டுகிற கொட்டகையில், தோல் ஊறும் தொட்டியில், சாக்கடையில் நிற்பவர்கள் யார்? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். தோல் செருப்பு வேண்டாம் என்று சொல்கிற அறம் அந்தப் பத்துப் பேரையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தால் நானும் அதில் கையெழுத்துப் போடுகிறேன்.

நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்க வேண்டாம். மாட்டுக்கறி விருந்து நடத்திவிட்டால் சாதி ஒழிந்துவிட்டதாக நினைக்கிற தோழர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். உதைக்கிற மாட்டுக்கு வைக்கோல் போட்டு, பிரசவம் பார்த்து, பேர் வைத்துக் கூப்பிட்டு, விற்கிற அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்ட எங்கள் பாட்டிமார்களுக்கும், கம்பெனி கொடுக்கிற குஞ்சைக் கூண்டில் அடைத்து நாற்பது நாளில் எடை போட்டு ஏற்றுகிற பிராய்லர் கொட்டகைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கொட்டகையைத் தலித் பண்பாடு என்று சொல்லி நாம் காக்க வேண்டியதில்லை. அங்கே மிருகமும் கூலியும் ஒன்றாகத்தான் நசுங்குகின்றன. எதிர்ப்பண்பாடு என்று மேடையில் முழங்கிவிட்டு, அண்டா நிறையக் கறி கழுவுகிற வேலையைப் பெண்களிடம் விட்டுவிட்டு, பந்தியில் முதலில் உட்காருகிற ஆண் தோழர்களையும் இந்த விமர்சனத்திலிருந்து விடமாட்டேன்.

அந்தப் பெண்ணைப் போன வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முருங்கைக்கீரை பொரியலும் புளிரசமும் தனியாக வைத்தது. "துன்னலன்னா உட்ருடி. அவ வயிறு. துன்னக் கூடாதுன்னு எவனாவது வந்து சொன்னா அப்பப் பேசிக்கலாம்" என்றது. பிறகு அவளிடம், "ஏம்மா, உங்க தாத்தா இன்னும் கறி போடுறாரா? கை கால் நல்லா கீதா?" என்று விசாரித்தது. அவள் தாத்தாவுக்கு மூட்டுவலி என்றாள். இரண்டு பேரும் அதைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் இதழின் ஆண்டுக் கூட்டம். சாப்பாடு போடுகிறோம். இரண்டு அண்டா வைக்கிறோம், ஒன்றில் மாட்டுக்கறிப் பிரியாணி, ஒன்றில் காய்கறிப் பிரியாணி. நெய் இரண்டிலும் கிடையாது. ஒரே பந்தி, ஒரே வரிசை. வீகன் தோழருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வெங்காயம் உரிக்க ஆண்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும்.